ஒரு தீவை எடுத்துவிட்டால்: நனோகாந்தச் சாலகங்களின் நடத்தையைக் குறைபாடுகளால் மாற்றுவதற்கான வழிகாட்டி

மருதமுனைத் தறி ஒன்றில் பாவு இழை அறுந்து, நெய்பவர் அதைக் கவனியாமல் நெய்துகொண்டே போனால், அந்தக் குறை அறுந்த இடத்தோடு நின்றுவிடாமல் துணியின் நீளம் முழுவதும் ஒரு கோடாக ஓடிவிடும். ஊடை இழை ஒன்று தவறினாலோ குறுக்கே ஒரு வரி மட்டுமே கெடும். எண்ணிக்கையில் இரண்டும் ஒவ்வோர் இழைதான், ஆனால் இழை கிடந்த திசை மாறியதால் விளைவும் மாறிவிடுகிறது. நனோமீற்றர் அளவிலான காந்தத் தீவுகளைச் சதுர ஒழுங்கில் அடுக்கிச் செய்யப்படும் சாலகத்திலும் இதே கதைதான். அங்கே ஒரு தீவை எடுத்துவிட்டால், அதன் அயலிலுள்ள சில தீவுகள் எளிதில் புரளக்கூடியவையாக இளகும், வேறு சில முன்னிலும் இறுகும். எவை இளகும், எவை இறுகும் என்பதைக் காகிதத்திலேயே முன்கூட்டிச் சொல்லிவிடலாம். அதைச் சொல்லவும், பிறகு கணினியில் சரிபார்க்கவும் ஒரு வழியை இங்கே தருகிறேன். வந்தாறுமூலையிலோ சம்மாந்துறையிலோ பௌதிகவியல் படித்து, இறுதியாண்டுச் செயற்றிட்டத்துக்கு ஆய்வுகூட வசதி அதிகம் வேண்டாத ஒரு விடயத்தைத் தேடும் மாணவரை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். தொடங்குவதற்கு ஒரு மடிக்கணினியும் பைதன் நிரலாக்கத்தில் ஓரளவு பழக்கமும் போதும்.

இந்த வகைச் சாலகத்துக்குச் செயற்கைச் சுழற்பனி என்று பெயர். 2006ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பீற்றர் ஷிஃபரின் குழுவினர் இதை முதலில் செய்து காட்டினர். சுமார் 80 சதவீதம் நிக்கலும் 20 சதவீதம் இரும்பும் கலந்த பெர்மலோய் என்னும் உலோகக் கலவையில், 220 நனோமீற்றர் நீளமும் 80 நனோமீற்றர் அகலமும் 25 நனோமீற்றர் தடிப்பும் கொண்ட தீவுகளை அவர்கள் உருவாக்கினர். சாலக இடைவெளியை 320 முதல் 880 நனோமீற்றர் வரை மாற்றிப் பார்த்தனர். தீவு ஒடுங்கியதாக இருப்பதால் அதன் காந்தமாக்கம் நீளப்பாட்டிலேயே கிடக்கும். இந்தப் பக்கம் அல்லது அந்தப் பக்கம் என்ற இரண்டே நிலைகள்தான் அதற்கு உண்டு. ஒரு தீவின் காந்தத் திருப்பம் ஏறத்தாழ 3 கோடி போர் மக்னெற்றன், அதாவது 2.8 × 10⁻¹⁶ அம்பியர் சதுர மீற்றர். இந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் கணக்குகள் எல்லாம் இதிலிருந்தே பிறக்கின்றன.

முதலில் ஓர் உச்சியைக் கையால் கணித்தல்

சதுரச் சாலகத்தில் நான்கு தீவுகளின் முனைகள் சந்திக்கும் இடத்தை உச்சி என்போம். எங்கள் வயல் வட்டைகளில் நான்கு வாய்க்கால்கள் கூடும் சந்தியை நினைத்துக்கொண்டால் இதன் விதி எளிதில் பிடிபடும்: இரண்டு வாய்க்கால் நீரை உள்ளே கொண்டுவந்து இரண்டு வெளியே கொண்டுபோனால் சந்தியில் நீர் தேங்காது, மூன்று உள்ளே வந்து ஒன்று மட்டும் வெளியே போனால் வரம்பு உடையும். காந்தத்திலும் இரண்டு உள்ளே, இரண்டு வெளியே என்பதே குறைந்த சக்தியுள்ள ஏற்பாடு. நீர் பனிக்கட்டியாக உறையும்போது ஒவ்வோர் ஒட்சிசன் அணுவுக்கும் இரண்டு புரோத்தன்கள் அருகிலும் இரண்டு தொலைவிலும் அமைவதும், லினஸ் போலிங் 1935இல் அந்த அமைவுகளை எண்ணி அதன் எஞ்சிய எந்திரப்பியை (கடுங்குளிரிலும் நீங்காத ஒழுங்கின்மையின் அளவை) கணித்ததும் இதே விதியின் மீதுதான். பெயரிலுள்ள பனி அங்கிருந்து வந்தது.

நான்கு தீவுகளுக்கும் இரண்டிரண்டு நிலைகள் என்பதால் ஓர் உச்சிக்கு மொத்தம் 16 அமைவுகள். இவற்றின் சக்தியைக் காண, ஒவ்வொரு தீவையும் அதன் மையத்தில் வைத்த புள்ளி இருமுனைவாகக் கொள்ளுங்கள். இரண்டு இருமுனைவுகளுக்கு இடையிலான சக்தி என்பது, அவற்றின் திசைகளின் புள்ளிப் பெருக்கத்திலிருந்து, இணைப்புக் கோட்டின் வழியே அவை கொள்ளும் கூறுகளின் பெருக்கத்தின் மும்மடங்கைக் கழித்து, இடைத்தூரத்தின் கனத்தால் வகுத்து வருவது. சக்தியின் அலகாக, 10⁻⁷ஐத் திருப்பத்தின் வர்க்கத்தால் பெருக்கிச் சாலக இடைவெளியின் கனத்தால் வகுத்தால் கிடைப்பதை வைத்துக்கொள்வோம். ஒன்றுக்கொன்று செங்குத்தாக உள்ள இரண்டு தீவுகளின் மையங்கள் இடைவெளியின் 0.707 மடங்கு தூரத்தில் உள்ளன. இரண்டும் உள்நோக்கியிருந்தால் சக்தி +4.24, ஒன்று உள்ளும் ஒன்று வெளியுமாக இருந்தால் −4.24. நேர்கோட்டில் எதிரெதிரே உள்ள இரண்டின் மையத்தூரம் முழு இடைவெளி. அங்கே +2 அல்லது −2.

ஓர் உச்சியில் செங்குத்துச் சோடிகள் நான்கு, நேர்கோட்டுச் சோடிகள் இரண்டு. கூட்டிப் பார்த்தால், எதிரெதிர்த் தீவுகள் இரண்டும் உள்ளே, மற்ற இரண்டும் வெளியே என்னும் முதல் வகைக்கு (2 அமைவுகள்) −12.97, அடுத்தடுத்த இரண்டு உள்ளே என்னும் இரண்டாம் வகைக்கு (4 அமைவுகள்) −4, மூன்றுக்கு ஒன்று என்னும் மூன்றாம் வகைக்கு (8 அமைவுகள்) 0, நான்கும் உள்ளே அல்லது நான்கும் வெளியே என்னும் நான்காம் வகைக்கு (2 அமைவுகள்) +20.97. இந்த நான்கு எண்களையும் நீங்களே ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள். பின்னர் நிரல் எழுதும்போது உங்கள் நிரல் இவற்றைத் திருப்பித் தராவிட்டால், தவறு குறியீட்டில் எங்கோ இருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும். எனக்குத் தெரிந்தவரை முதல் நிரலில் குறி மாறாமல் எழுதியவர் அரிது.

மூன்றாம் வகை உச்சியில் உள்ளே வருபவற்றுக்கும் வெளியே போகின்றவற்றுக்கும் இடையில் 2 வித்தியாசம் எஞ்சும். இதைக் காந்த ஏற்றம் என்று எண்ணலாம். அது சாலகத்தில் ஒரு தீவு புரளப் புரள உச்சிக்கு உச்சி நகர்ந்து செல்வதால் காந்த ஒருமுனைவு என்றும் சொல்வர். குறைபாட்டின் வேலையை விளங்கிக்கொள்ளச் சக்தியைவிட இந்த ஏற்றக் கணக்கே கைக்கு இலகுவானது.

வெற்றிடம் என்னும் குறை

ஓர் உச்சியின் கீழ்த் தீவை எடுத்துவிடுங்கள். அது இருந்த இடமே வெற்றிடம். மிஞ்சுவன இடது, வலது, மேல் என்னும் மூன்று. மூன்று காலுள்ள உச்சியில் ஏற்றம் ஒருபோதும் பூச்சியமாகாது. அது ±1 அல்லது ±3 ஆகத்தான் இருக்க முடியும். இடமும் வலமும் ஒரேமாதிரி, மேல் மாறுபட்டது என்றால் சக்தி −6.49, இடமிருந்து வலமாக ஊடுருவிச் சென்றால், மேல் தீவு எப்படி இருந்தாலும் −2, மூன்றும் உள்ளே அல்லது மூன்றும் வெளியே என்றால் +10.49. இரண்டாவது நிலையில், இந்த உச்சியைப் பொறுத்தவரை, மேல் தீவு எந்தப் பக்கமும் சாயாமல் தளர்ந்து கிடப்பதைக் கவனியுங்கள்.

இனி, சாலகம் முழுவதும் முதல் வகை உச்சிகளால் ஒழுங்குபட்டிருக்கிறது என்று கொள்வோம். குறையில்லாத இடத்தில் ஒரு தீவைப் புரட்டினால் அதன் இரு முனைகளிலும் மூன்றாம் வகை தோன்றும்; செலவு இரு முறை 12.97, அதாவது 25.94. வெற்றிடத்துக்குக் குறுக்கே கிடக்கும் இடது தீவைப் புரட்டினால் வெற்றிட முனையில் செலவு 4.49 மட்டுமே, மறு முனையில் 12.97, மொத்தம் 17.46, குறையில்லாத இடத்தின் மூன்றில் இரண்டு பங்கு. ஏற்றக் கணக்கில் இதன் காரணம் தெளிவு: +1 என்பது −1 ஆகிறது, பருமன் மாறவில்லை, ஆகவே அங்கே புதிய ஒருமுனைவுக்கான விலையைக் கட்டவேண்டியதில்லை. வெற்றிடத்தோடு நேர்கோட்டிலுள்ள மேல் தீவைப் புரட்டினாலோ +1 என்பது +3 ஆகும், செலவு 29.95க்கு ஏறிவிடும். எடுத்த தீவுக்கு இரண்டு முனைகள் உள்ளதால், ஒரு வெற்றிடத்தைச் சுற்றிக் குறுக்கே கிடக்கும் நான்கு தீவுகள் இளகும், நேரே கிடக்கும் இரண்டு இறுகும். பாவும் ஊடையும் போலத்தான்.

இதோடு நின்றுவிட்டால் பாதிக் கதைதான் தெரிந்தது. பின்னணியை மாற்றிப் பாருங்கள். வலிய காந்தப் புலத்தை மூலைவிட்டத் திசையில் கொடுத்து, கிடைத் தீவுகள் எல்லாம் வலப்பக்கமும் நிலைத் தீவுகள் எல்லாம் மேற்பக்கமும் நோக்கியிருக்கும்படி செய்தால், ஒவ்வோர் உச்சியும் இரண்டாம் வகையாகிறது. இந்தப் பின்னணியில் குறையில்லாத இடத்தில் ஒரு தீவைப் புரட்ட 8 அலகு செலவாகும். கீழ்த் தீவை இழந்த உச்சியில் வலது தீவைப் புரட்டினால் வெற்றிட முனை −2இலிருந்து −6.49க்கு இறங்கும், மறுமுனையின் 4 அலகைச் சேர்த்தாலும் மொத்தம் −0.49, அதாவது செலவே இல்லை. அதே உச்சியின் இடது தீவைப் புரட்டினால் 16.49. மேல் தீவுக்கு 4. முதல் வகைப் பின்னணியில் சமமாக இளகிய இடமும் வலமும் இங்கே ஒன்று திறந்த கதவாகவும் மற்றது பூட்டிய கதவாகவும் பிரிந்துவிடுகின்றன. எடுத்த தீவின் மறுமுனையில் இது தலைகீழாக இருக்கும்: அங்கே இடது தீவு இளகும், வலது இறுகும். ஆகவே குறைபாடு ஒன்று புரளலைத் தொடக்கிவைக்குமா தடுத்து நிறுத்துமா என்ற கேள்விக்குப் பின்னணியைச் சொல்லாமல் விடை சொல்ல முடியாது. இதைப் பற்றி எழுதப்படும் செயற்றிட்ட அறிக்கைகளில் நான் முதலில் தேடிப் பார்ப்பது, ஆரம்ப நிலை என்னவென்று எழுதியிருக்கிறதா என்பதைத்தான்.

இந்தச் சக்திகளைப் புலத்தின் அளவாக மாற்றுவது அவசியம், ஏனெனில் ஆய்வுகூடத்தில் திருகப்படுவது புலம்தான். எடுத்த தீவு, குறுக்கே கிடந்த அயல் தீவின் நீளப்பாட்டில் தந்துகொண்டிருந்த புலத்தைக் கணித்தால் போதும்: 4.24ஐ 10⁻⁷ஆலும் திருப்பத்தாலும் பெருக்கி, இடைவெளியின் கனத்தால் வகுக்க வேண்டும். 320 நனோமீற்றர் இடைவெளியில் இது 3.6 மில்லிதெசுலா. 880 நனோமீற்றரில் கனம் ஏறத்தாழ 21 மடங்காகிவிடுவதால் 0.17 மில்லிதெசுலாவே மிஞ்சும். ஒரு வெற்றிடம் ஓர் அயல் தீவின் புரளும் புலத்தை நகர்த்தக்கூடிய தூரம் இவ்வளவுதான்.

குறையை வைப்பதற்கு முன்

செய்யப்பட்ட தீவுகள் எதுவும் அச்சில் வார்த்தது போல ஒன்றாக இருப்பதில்லை. விளிம்பு சற்றுக் கரடுமுரடாக, அகலம் ஓரிரு நனோமீற்றர் கூடிக் குறைந்து, ஒவ்வொன்றும் சற்று வேறான புலத்தில் புரளும். இந்த அளவுத் தீவின் புரளும் புலத்தை 70 மில்லிதெசுலா என்று வைத்துக்கொண்டால், அதில் 5 சதவீத நியமவிலகல் என்பது 3.5 மில்லிதெசுலா. மேலே கண்ட 3.6உடன் இதை ஒப்பிட்டுப் பாருங்கள். நாம் வேண்டுமென்று வைத்த குறையின் குரல், வேண்டாமல் வந்த குறைகளின் இரைச்சலுக்குச் சமமாகிவிட்டது. இடைவெளி அகலமான சாலகத்தில் அது கேட்கவே கேட்காது. எனவே வெற்றிடத்தை வைக்கும் முன்னர், குறையில்லாத சாலகத்தின் சிதறலை அளந்துகொள்ள வேண்டும். இந்த வரிசையை மாற்றினால் பின்னர் வரும் எந்த வரைபடத்துக்கும் பொருள் இல்லை.

நிரலை இப்படி அமைக்கலாம். 21 × 21 உச்சிகளை எடுத்து, அடுத்தடுத்த உச்சிகளை இணைக்கும் ஒவ்வொரு கோட்டின் நடுவிலும் ஒரு தீவை வையுங்கள். கிடையாக 420, நிலையாக 420, மொத்தம் 840 தீவுகள். ஒவ்வொரு தீவும் மற்ற ஒவ்வொரு தீவின் நீளப்பாட்டில் தரும் புலத்தை ஒரே தடவை கணித்து ஓர் அட்டவணையில் சேமியுங்கள்; 705,600 எண்கள், 6 மெகாபைற்றுக்கும் குறைவு, பழைய மடிக்கணினிகூட முகஞ்சுளிக்காது. ஒவ்வொரு தீவுக்கும் 70 மில்லிதெசுலாவை இடையாகக் கொண்ட இயல்பான பரம்பலிலிருந்து எழுமாறாக ஒரு புரளும் புலத்தைக் கொடுங்கள். மூலைவிட்டத் திசையில் எல்லாத் தீவுகளையும் நிரம்பலாக்கிவிட்டு, எதிர்த்திசைப் புலத்தை 0.1 மில்லிதெசுலாப் படிகளில் கூட்டுங்கள். ஒவ்வொரு படியிலும், தன் வாசலை, அதாவது தனக்குக் கொடுத்த புரளும் புலத்தை, மிக அதிகமாகத் தாண்டிய தீவு எதுவோ அதை மட்டும் புரட்டி, எல்லாப் புலங்களையும் திருத்தி, மீண்டும் தேடுங்கள். தாண்டிய தீவு எதுவும் இல்லை என்ற நிலை வந்த பின்னரே அடுத்த படிக்குப் போகலாம். ஒரே படியில் தாண்டிய எல்லாவற்றையும் சேர்த்துப் புரட்டும் குறுக்கு வழி நேரத்தை மிச்சம்பிடிக்கும், ஆனால் நாம் காண விரும்பும் தொடர்ப்புரளலின் பாதையையே அது அழித்துவிடும்.

இங்கே ஓர் உடன்பாட்டையும் சொல்லிவிட வேண்டும். ஸ்டோனரும் வோல்பார்த்தும் 1948இல் தந்த மாதிரியுருவின்படி, சீராகத் திரும்பும் தீவுக்கு, அச்சிலிருந்து 45 பாகையில் கொடுக்கப்படும் புலம், அச்சின் வழியே வேண்டியதன் பாதியாகவே இருந்தாலும் புரட்டிவிடும். நீளப்பாட்டுக் கூறை மட்டும் வாசலோடு ஒப்பிடும் நமது நிரலில் இந்தக் கோணச் சார்பு இல்லை. ஒப்பீட்டு முடிவுகளுக்கு இது தடையில்லை. முழு எண்ணை ஆய்வுகூட அளவீட்டோடு பொருத்த முனைந்தால் தடை.

என் முதல் தவறு இந்தக் கட்டத்தில்தான் நடந்தது. வெற்றிடத்தை விளிம்பிலிருந்து இரண்டு உச்சிகள் தள்ளி வைத்துவிட்டு, புரளல் அந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவதைக் கண்டு, இரண்டு கிழமை அதை வெற்றிடத்தின் விளைவென்றே நம்பிக்கொண்டிருந்தேன். பிறகுதான் விளிம்பை எண்ணிப் பார்த்தேன். 441 உச்சிகளில் நான்கு கால் உள்ளவை 361. நான்கு மூலைகள் நீங்கலாக, விளிம்பில் உள்ள 76 உச்சிகளும் மூன்று காலுள்ளவை. வெற்றிடத்தின் முனையும் மூன்று காலுள்ள உச்சிதான். நடுவே நான் வைத்த இரண்டு முனைகளுக்கு எதிராக, நான் வைக்காத 76 குறைபாடுகள் சுற்றிவர நின்றிருக்கின்றன. புரளல் வேறெங்கே தொடங்கும்? இதைத் தவிர்க்க மூன்று வழிகள் உண்டு: விளிம்பு உச்சிகளுக்கு வெளிப்பக்கமாக விடுபட்ட தீவைச் சேர்த்து எல்லாவற்றையும் நான்கு காலாக்குவது, வெளி வரிசைத் தீவுகளின் வாசலை உயர்த்திவிடுவது, அல்லது இடது விளிம்பை வலது விளிம்போடும் மேல் விளிம்பைக் கீழ் விளிம்போடும் பொருத்திச் சாலகத்தை முடிவற்றதாக்குவது. உண்மையில் செய்யக்கூடிய சாலகத்துக்கு மிக அருகில் இருப்பதால் முதல் வழியை நான் விரும்புகிறேன். எதைத் தேர்ந்தாலும், குறையுள்ளதற்கும் குறையில்லாததற்கும் ஒரே விளிம்பும் ஒரே எழுமாற்று வித்தும் (எழுமாற்று எண்களின் தொடரைத் தொடக்கிவைக்கும் எண்) இருக்க வேண்டும்.

வித்தைப் பற்றிய இந்த நிபந்தனை சிறியதாகத் தோன்றலாம், ஆனால் வேலையின் பாதி அதில் இருக்கிறது. ஒரே வித்தைக் கொண்டு இருமுறை ஓட்டினால் 840 தீவுகளின் வாசல்களும் அப்படியே இருக்க, ஒன்றில் ஒரு தீவு இல்லை என்பதில் மட்டும் வேறுபடும் இரண்டு சாலகங்கள் கிடைக்கும். ஒவ்வொரு தீவும் புரண்ட புலத்தை ஒன்றிலிருந்து ஒன்று கழித்தால் இரைச்சலின் பெரும்பகுதி கழிந்து வெற்றிடத்தின் தடம் தெரியும். ஆய்வுகூடத்தில் இந்தச் சலுகை கிடையாது, ஏனெனில் அதே சாலகத்தை இன்னொரு முறை செய்ய முடியாது. ஆதலால் இந்தக் கழித்தலைச் செய்த பின், வித்துகளை மாற்றி ஒரு நூறு தடவையாவது ஓட்டி, கழிக்காமலேயே வெற்றிடத்தின் விளைவு தெரிகிறதா என்றும் பாருங்கள். 320 நனோமீற்றர் சாலகத்தில் நியமவிலகலை 1 சதவீதத்திலிருந்து 10 சதவீதம் வரை படிப்படியாகக் கூட்டி, முதற்புரளல் வெற்றிடத்தின் அயலில் நடந்த ஓட்டங்களின் பங்கை வரைந்தால், எத்தனை சீரான தயாரிப்பு இருந்தால் இந்தக் குறை பயன்படும் என்பது ஒரே வரைபடத்தில் கிடைத்துவிடும்.

தீவை எடுக்காமல் மாற்றுதல்

வெற்றிடம் முரட்டுத்தனமான திருகு. அதற்கு இருக்கிறது, இல்லை என்ற இரண்டே நிலைகள். மெல்ல மெல்லத் திருக வேண்டுமானால் தீவின் உருவத்தை மாற்றலாம். நீளத்தையும் தடிப்பையும் அப்படியே விட்டு அகலத்தைக் குறைத்தால் உருவத்தால் வரும் திசையொவ்வாமை (காந்தமாக்கம் நீளப்பாட்டிலேயே கிடக்க விரும்பும் தன்மை) கூடி, புரளும் புலம் உயரும். அகலத்தைக் கூட்டினால் இறங்கும். ஆனால் அகலம் மாறும்போது கனவளவும், அதனோடு காந்தத் திருப்பமும் மாறுகின்றன என்பதை மறக்கக் கூடாது: அகலமான தீவு தான் எளிதாகப் புரள்வதோடு, அயல் தீவுகளின் மேல் கூடிய புலத்தையும் செலுத்தும். நிரலில் வாசலை மட்டும் மாற்றிவிட்டுத் திருப்பத்தை மாற்றாமல் விடுவது, செயற்றிட்டங்களில் நான் திரும்பத் திரும்பக் காணும் வழு.

தீவுகளைத் தொடாமல் அவற்றுக்கிடையிலான தொடர்பை மட்டும் மாற்றவும் வழிகள் உண்டு. உச்சியின் நடுவில் ஒரு சிறிய வட்டக் காந்தத் தட்டை வைத்தால், அது அயல் தீவுகளுக்கிடையே புலத்தைக் கடத்தி, செங்குத்துச் சோடிகளுக்கும் நேர்கோட்டுச் சோடிகளுக்கும் இடையிலான விகிதத்தை மாற்றும். 2018இல் இது செய்து காட்டப்பட்டது. கிடைத் தீவுகளை நிலைத் தீவுகளைவிட உயரத்தில் வைப்பது இன்னொரு வழி. மோலரும் மோஸ்னரும் 2006இல் இதை முன்மொழிந்தனர், 2016இல் பிரான்சின் குழு ஒன்று செய்து காட்டியது. புள்ளி இருமுனைவுக் கணக்கில் உயரம் இடைவெளியின் 0.419 மடங்கானதும் செங்குத்துச் சோடியின் சக்தி 2ஆக இறங்கி, நேர்கோட்டுச் சோடிக்குச் சமமாகிவிடும்; 320 நனோமீற்றர் சாலகத்துக்கு அது 134 நனோமீற்றர். அப்போது முதல் வகையும் இரண்டாம் வகையும் ஒரே சக்தியில் வந்துவிடும். முழுச் சாலகத்துக்கும் செய்வதை ஓரிரு உச்சிகளுக்கு மட்டும் செய்தால் என்னவாகும் என்பது, கையிலுள்ள நிரலில் ஒரு மாலைப்பொழுதில் பார்த்துவிடக்கூடிய கேள்வி.

இன்னொரு வகைக் குறை இவை எல்லாவற்றிலும் வேறுபட்டது. சாலகத்தின் நடுவே ஓர் அரை வரிசையைச் செருகுங்கள். வலப்பாதியில் இருக்கும் அந்த வரிசை நடுவிலேயே நின்றுவிட, இடப்பாதியில் அது இல்லை. அது நின்ற இடம் இடப்பெயர்வு எனப்படும். முதல் வகை ஒழுங்கில் உச்சிகள் சதுரங்கப் பலகையின் கறுப்பும் வெள்ளையும் போல மாறிமாறி வரவேண்டும். இடப்பெயர்வைச் சுற்றி ஒரு முறை நடந்து வந்தால் எண்ணிக்கை ஒற்றைப்படையாகிவிடுவதால், கறுப்பில் தொடங்கி வெள்ளையில் முடிவோம்; எங்கோ ஓரிடத்தில் ஒழுங்கு முறிந்தே ஆகவேண்டும். ஆகவே உயர்ந்த சக்தியுள்ள உச்சிகளாலான ஒரு சுவர் இடப்பெயர்விலிருந்து புறப்பட்டு, சாலகத்தின் விளிம்பிலோ இன்னோர் இடப்பெயர்விலோதான் முடியும். 2017இல் இது படமாகவும் காட்டப்பட்டது. வெற்றிடத்தின் தாக்கம் தூரத்தோடு தேய்ந்துவிடும். இடப்பெயர்வின் தாக்கமோ எத்தனை மெதுவாக ஆறவிட்டாலும் போகாது, சுவர் இடம் மாறுமே தவிர இல்லாமல் போகாது. சுவர் இன்ன இடத்திலிருந்து இன்ன இடத்துக்கு ஓட வேண்டும் என்று விரும்பினால் இரண்டு இடப்பெயர்வுகளை அந்த இரு இடங்களிலும் வைக்கவேண்டும். இரண்டுக்கும் நடுவே சுவர் வளைந்து நெளியாமல் இருக்க, வழியில் சில வெற்றிடங்களை வைத்துப் பாருங்கள்.

இந்தச் சுவரைக் காண மேலே சொன்ன புலமேற்றும் நிரல் உதவாது. வெப்பத்தால் தளரும் சாலகம் வேண்டும். 25 நனோமீற்றர்த் தடிப்புள்ள தீவுகளுக்கு நமது சக்தி அலகே ஏறத்தாழ 17,000 கெல்வினுக்குச் சமம், அறை வெப்பநிலையோ 300 கெல்வின். எனவே அவை தாமாக அசையமாட்டா. தடிப்பைச் சில நனோமீற்றருக்குக் குறைத்தால் அறை வெப்பநிலைக்கு அண்மையிலேயே தீவுகள் தாமாகப் புரளத் தொடங்கும். நிரலில் இதற்கு மெற்றோபொலிஸ் முறை போதும்: எழுமாறாக ஒரு தீவைத் தெரிந்து, புரட்டினால் சக்தி குறையுமென்றால் புரட்டுங்கள், கூடுமென்றால் போல்ற்ஸ்மன் காரணி சொல்லும் நிகழ்தகவோடு மட்டும் புரட்டுங்கள், வெப்பநிலையைப் பல ஆயிரம் சுற்றுகளில் மெதுவாக இறக்குங்கள்.

நுண்காந்தக் கணிப்பு

புள்ளி இருமுனைவு என்பது வசதிக்காகச் சொல்லும் பொய். உண்மைத் தீவின் முனைகளில் காந்தமாக்கம் வளைந்து கிடக்கும். இரு முனையும் ஒரே பக்கம் வளைவதும் எதிரெதிர்ப் பக்கம் வளைவதும் உண்டு, புரளலும் அங்கிருந்துதான் தொடங்கும். அயல் தீவின் முனை மிக அருகில் இருக்கும்போது இருமுனைவுக் கணக்கு இடைத்தாக்கத்தைக் குறைத்தே மதிப்பிடும். இதைச் சரிபார்க்கப் பெல்ஜியத்தின் கெண்ட் பல்கலைக்கழகத்தில் உருவான, தீவைச் சிறு கலங்களாகப் பிரித்துக் கணிக்கும் மூமக்ஸ்3 என்னும் இலவச மென்பொருள் போதுமானது. அதற்கு என்விடியா வரைகலை அட்டை உள்ள கணினி தேவை.

பெர்மலோய்க்கு நிரம்பல் காந்தமாக்கத்தை மீற்றருக்கு 8.6 × 10⁵ அம்பியர் என்றும், பரிமாற்ற மாறிலியை மீற்றருக்கு 1.3 × 10⁻¹¹ யூல் என்றும், பளிங்குத் திசையொவ்வாமையைப் பூச்சியம் என்றும் கொடுங்கள். கலத்தின் பக்கம் இந்த உலோகக் கலவையின் பரிமாற்ற நீளமான சுமார் 5 நனோமீற்றரைத் தாண்டக் கூடாது. 10 × 10 இடைவெளிகள் கொண்ட 320 நனோமீற்றர்ச் சாலகத்துக்கு இது 640 × 640 × 5, அதாவது 20 இலட்சத்துக்குச் சற்று மேற்பட்ட கலங்கள். முழுச் சாலகத்தையும் உடனே ஓட்ட ஆசைப்படாமல், முதலில் மூன்று தீவு மட்டும் உள்ள ஓர் உச்சியையும் நான்கு தீவு உள்ள ஓர் உச்சியையும் ஓட்டி, புரளும் புலங்களின் வித்தியாசத்தை 3.6 மில்லிதெசுலாவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த ஒரு விகிதத்தைக் கொண்டு இருமுனைவு நிரலின் எண்களைத் திருத்திவிட்டால் பெரிய ஓட்டங்களில் பலவற்றைத் தவிர்க்கலாம். தீவின் வளைந்த முனைகள் சதுரக் கலங்களில் படிக்கட்டாக வெட்டுப்படும். அந்தப் படிக்கட்டும் தன் பங்குக்கு ஒரு குறைபாடு என்பதால், விளிம்பை மென்மையாக்கும் கட்டளையைப் பயன்படுத்துங்கள், கலத்தின் பக்கத்தைப் பாதியாக்கி ஒரு தடவையாவது விடை மாறுகிறதா என்று பாருங்கள். புலத்தை மிகச் சரியாக 45 பாகையில் கொடுத்தால் சமச்சீரினால் கணிப்பு எந்தப் பக்கமும் சாயாமல் தொங்கிக்கொண்டிருக்கலாம்; ஒரு பாகை விலக்கிக் கொடுப்பது வழக்கம்.

இடைநிலைகளைச் சேமித்துக்கொண்டே போங்கள். 2022இல் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு இருந்த நாள்களில் இதைச் செய்யாமல் விட்ட ஓர் ஓட்டத்தை நான் நான்கு தடவை முதலிலிருந்து தொடங்கினேன். ஒவ்வொரு புலப்படியின் முடிவிலும் காந்தமாக்கத்தைக் கோப்பாக எழுதி, அடுத்த தொடக்கம் கடைசிக் கோப்பிலிருந்து ஆரம்பிக்கும்படி வைத்தால், மின்சாரம் போனாலும் ஒரு படிதான் நட்டம்.

வெளிநாட்டிலோ கொழும்புப் பக்கத்திலோ இலத்திரன் கற்றையால் நுண்ணிய உருவங்களை எழுதும் வசதி உள்ள ஒருவர் உங்களுக்காகச் சாலகத்தைச் செய்துதர முன்வந்தால், அவருக்கு அனுப்பும் வரைபடத்தில் ஒரே ஒரு வெற்றிடச் சாலகத்தை மட்டும் வரையாதீர்கள். ஒரே சிலிக்கன் தகட்டில், ஒரே தடவையில் எழுதப்படும்படி, குறையில்லாத சாலகங்கள் பத்தும், கிடைத் தீவை இழந்தவை பத்தும், நிலைத் தீவை இழந்தவை பத்தும், கலந்து கலந்து வரும்படி அடுக்குங்கள். தகட்டின் ஓர் ஓரத்தில் உலோகப் படலத்தின் தடிப்பு சற்று மாறினால் அது ஒரு வகையை மட்டும் பாதிக்காமல் இருக்க இதுவே வழி. காந்த ஊசி ஒன்றைத் தீவுகளின் மேலாக நகர்த்திப் பார்க்கும் காந்தவிசை நுணுக்குக்காட்டியால் படம் எடுப்பவரிடம் ஊசியின் காந்த வலிமையைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். 2018இல் இலண்டன் இம்பீரியல் கல்லூரிக் குழுவினர் அதே வகை ஊசியைக் கொண்டு தீவுகளை விரும்பியபடி புரட்டிச் சாலகத்தில் எழுதிக் காட்டியிருக்கிறார்கள். வெற்றிடத்தால் இளகி நிற்கும் தீவு, படம் எடுக்க வந்த ஊசிக்கே புரண்டுவிடக் கூடும். ஒரே இடத்தை இரண்டு முறை, இரண்டாம் முறை ஊசியைச் சற்று உயர்த்தி எடுக்கச் சொல்லி, இரண்டு படமும் ஒத்துப்போகும் சாலகங்களை மட்டும் கணக்கில் சேருங்கள்.